கால்வாய்முனையில் சூசையப்பர் விருந்து

கலோஜெரா அலெஸ்ஸி நவம்பரில் இறந்துபோனாள். குடும்பத்தின் மேல் உயிராக இருந்தாள், நன்றாகச் சமைப்பாள், ஞாயிறு பூசைக்குத் தவறியதில்லை என்று அமெரிக்காவின் பஃபலோ நகரப் பத்திரிகையில் நாலு வரி வந்தது. அதே பக்கத்தில் அன்று இருந்த மற்றவர்களும் குடும்பத்தின் மேல் உயிராக இருந்தவர்கள்தான், நன்றாகச் சமைத்தவர்கள்தான். மகள் சந்தினா மண் பரிசோதனைப் பொறியாளர். படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தாள். இதில் தகவல் எதுவும் இல்லை என்றாள்.

தகவல் இது. கலோஜெரா முப்பது வருடத்துக்கு மேல் நகராட்சியில் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து முடியாது என்று சொன்னவள். தப்பான இடத்தில் வண்டி நிறுத்தி அபராதம் வாங்கியவர்கள், அது அநியாயம் என்று முறையிட வரும் ஜன்னல். பனி விழுந்து அறிவிப்புப் பலகை மறைந்துவிட்டது, மனைவிக்குப் பிரசவ வலி, ஒரே ஒரு நிமிடம்தான் நிறுத்தினேன் என்று வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் முழுதாகக் கேட்பாள். தலையாட்டுவாள். என்ன குழந்தை, தாய் நலமா என்று விசாரிப்பாள். பிறகு முடியாது என்பாள். அதில் கோபமும் இருக்காது, சந்தோஷமும் இருக்காது. வானிலை அறிக்கை வாசிப்பதுபோல இருக்கும். திட்டிக்கொண்டே வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனதும் உண்டு.

ஒருநாள் அவளைக் கூட்டிப்போக வந்த கணவன் நுன்சியோவுக்கே அலுவலக வாசலில் அபராதம் விழுந்தது. வரிசையில் நின்று ஜன்னலுக்கு வந்தான்.

"கலோ, நான்தான்."

"தெரியுது. என்ன விஷயம்?"

"உன்னைக் கூட்டிட்டுப் போகத்தானே நிறுத்தினேன்!"

"ரொம்ப நன்றி. முடியாது. அடுத்தவங்க வாங்க."

அன்று ராத்திரி அவனுக்குப் பிடித்த கத்திரிக்காய் செய்து போட்டாள். வீட்டில் அபராதத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

இப்படிப்பட்டவள் ஒரே ஒருவருக்கு மட்டும் முடியாது என்றும் சொல்லாமல், சொன்னதைச் செய்யவும் செய்யாமல், காலமெல்லாம் இழுத்தடித்தாள். அவர் சூசையப்பர், இயேசுவை வளர்த்த புனிதர்.

சந்தினாவுக்கு மூன்று வயதாக இருந்தபோது வந்த பனிப்புயலில் ஊரே புதைந்தது. குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. தெருவில் கார் கூரைகள்கூடத் தெரியவில்லை. கலோஜெரா அடுப்பங்கரையில் மண்டியிட்டு வேண்டிக்கொண்டாள். இவளைப் பிழைக்க வை, எங்கம்மா உனக்கு விருந்து வைத்த அதே இடத்தில் நானும் வைக்கிறேன் என்றாள். மறுநாள் யாரோ பனியில் ஓடும் வண்டியில் பென்சிலினைக் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் இறங்கியது. அவள் இருவருக்கும் நன்றி சொன்னாள். பென்சிலினுக்கு நேர்ச்சை எதுவும் பாக்கி இல்லை.

விருந்து வைப்பதில் கஷ்டமில்லை. மார்ச் மாதம் சூசையப்பர் திருநாளில் இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் வைப்பதுதான். இறைச்சி கிடையாது. காசு வாங்கக் கூடாது. வந்தவர் யாரானாலும் போ என்று சொல்லக் கூடாது. கலோஜெராவும் வருடந்தோறும் வீட்டிலோ கோயில் கூடத்திலோ வைத்தாள். சிக்கல் இடத்தில் இருந்தது.

அவள் அம்மா விருந்து வைத்த இடம் கால்வாய்முனை. கிழக்கே பெரிய ஆற்றிலிருந்து வரும் கால்வாய் ஏரியைத் தொட்டு முடியும் இடம். படகில் வந்ததையெல்லாம் அங்கே இறக்கிக் கப்பலில் ஏற்ற வேண்டும், கப்பலில் வந்ததை இறக்கிப் படகில் ஏற்ற வேண்டும். இறக்குகிறவனுக்குத் தாகம் எடுக்கும். அதனால் சாராயக்கடைகள் வந்தன. பணம் வைத்திருக்கிற ஆண்கள் தூங்க இடம் தேடுவார்கள். அதனால் தூங்க விடாத விடுதிகளும் வந்தன. நாட்டிலேயே கெட்ட தெரு என்று அந்தத் தெருவுக்குப் பெயர். பிறகு ரயில் வந்தது, கால்வாய் காய்ந்தது, கெட்டவர்கள் வேறு ஊர் பார்த்துப் போனார்கள். வாடகை குறைந்தது. சிசிலிக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து ஒரு அறைக்கு எட்டுப் பேராக அடைந்தார்கள். அவர்கள் வந்ததும்தான் அது மோசமான தெரு என்பது நகராட்சிக்கு உறைத்தது. வீடுகளை இடித்து, இடித்த செங்கல்லையே கால்வாயில் கொட்டி மூடினார்கள். கைக்குழந்தை கலோஜெராவைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வெளியேறினாள். மேலே தூண் கட்டி நெடுஞ்சாலை போட்டார்கள். கீழே கார் நிறுத்தும் இடம் வந்தது.

ஆக, அந்த இடத்தைப் பற்றி கலோஜெராவுக்கு ஒரு நினைவும் கிடையாது. அம்மா சொன்னது மட்டும்தான். சூசையப்பரை எப்படிக் கார்களுக்கு நடுவில் உட்கார வைப்பது என்று தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்டதும் பழகிவிட்டது.

"உன் ஜன்னலுக்கு வந்த சூசையப்பரையும் அடுத்த வாரம் வாங்கன்னு அனுப்பிட்ட" என்று நுன்சியோ கேலி செய்வான். அவன் போய்ச் சேர்ந்தான். அவளும் ஓய்வு பெற்றாள்.

அப்புறம் நகரத்துக்குத் திடீரென்று வரலாறு தேவைப்பட்டது. ஆலைகள் மூடிவிட்டன, ஏரி மட்டும் மிச்சம். கால்வாய்முனை மீட்புக் குழு என்று ஒன்று அமைந்தது. மூடியதைத் தோண்டினார்கள். பழைய கல்தெரு வெளியே வந்தது. கலோஜெரா கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"சந்தினா, அவர் தோண்டிட்டு வந்துட்டாருடி."

"யாரு?"

"சூசையப்பர். இனிமே எனக்குச் சாக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல."

அந்த வருடம்தான் இதய மருத்துவர் படத்தைத் திருப்பிக் காட்டி, இது இன்னும் கொஞ்ச காலம்தான் இழுக்கும் என்றார். சந்தினாவுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. இருந்தும் பளுவைத் தாங்காத அடித்தளம் எப்படி நடந்துகொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் சிறு விரிசல் விடும், பிறகு சத்தமில்லாமல் இறங்கும். அம்மா கண்ணை மூடுவதற்குள் அந்தக் கல்தெருவில் விருந்து நடந்தாக வேண்டும் என்று அவளும் முடிவு செய்தாள்.

மீட்புக் குழுவின் இயக்குநர் வெஸ்லி கிம்பல். அரிசோனா பாலைவனத்தில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு கௌபாய் ஊரை நடத்திவிட்டு வந்தவர். அங்கே தினம் இரண்டு வேளை துப்பாக்கிச் சண்டை நடக்கும். காலையில் செத்தவர்கள் நாலு மணிக்கு மறுபடி சாவார்கள். பஃபலோ வந்த நாள் முதல் அவருக்குக் குளிர் விடவில்லை. அலுவலகத்துக்குள்ளும் கம்பளித் தொப்பியோடுதான் இருப்பார். நல்ல மனிதர். சிரித்த முகம்.

வரலாற்றை மீட்பது என்றால் எந்த வருடத்தை மீட்பது என்று குழு பலமுறை கூடிப் பேசியிருந்தது. கடைசியில் கால்வாய் திறந்த 1825-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். அது பாதுகாப்பான வருடம். அப்போது அங்கே தப்புச் செய்ய ஆளே கிடையாது, சேறுதான். சேற்றுக்குப் பார்வையாளர் வரமாட்டார்கள் என்பதால் கான்கிரீட்டில் புதுக் கால்வாய் கட்டி, முகப்பில் மட்டும் பழைய கல் ஒட்டினார்கள். தரை எவ்வளவு பளு தாங்கும் என்று சோதித்துச் சொன்னது சந்தினாவின் நிறுவனம். குளிர்காலத்தில் அதில் சறுக்கி விளையாட வேண்டும் என்று அடியில் குளிரூட்டும் குழாய்கள் பதித்தார்கள். பஃபலோவில், ஜனவரியில், மின்சாரம் செலவழித்துத் தண்ணீரை உறைய வைக்கும் பெருமை அந்தக் குழுவையே சேரும்.

முதல் வருடம் கலோஜெரா மகளைக் கூட்டிக்கொண்டு அனுமதி கேட்கப் போனாள்.

"அருமையான விஷயம் மிசஸ் அலெஸ்ஸி" என்றார் கிம்பல். "கேக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா பாருங்க, 1825-ல உங்க ஆளுங்க யாரும் இங்க இல்லையே."

"நீங்க இருந்தீங்களா?"

"அதில்ல மேடம். இங்க எது நடந்தாலும் அந்தக் காலத்துக்குப் பொருந்தணும்."

"பனிச்சறுக்குக் குழாய் பொருந்துதா?"

"அது தரைக்குக் கீழ இருக்கு."

"எங்கம்மா வீடும் தரைக்குக் கீழதான் இருக்கு."

கிம்பல் சிரித்தார். கைகொடுத்தார். அனுமதி மட்டும் தரவில்லை. காரில் ஏறியதும் கலோஜெரா, "முடியாதுங்கற வார்த்தையையே சொல்லாம முடியாதுன்னுட்டான், கவனிச்சியா?" என்றாள். "இப்படிச் சொன்னா ஜனங்க மறுபடி மறுபடி வருவாங்க. கத்துக்குட்டி."

அவளும் மறுபடி மறுபடி போனாள். அடுத்த முறை காப்பீடு இடித்தது. அதற்கு அடுத்த முறை இலவசச் சாப்பாடு சுகாதார விதிக்கு ஒத்துவராது என்றார்கள். அதற்குள் அவள் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டாள். மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. மேல்முறையீட்டு ஜன்னலின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்ததா என்று சந்தினா ஒருநாள் கேட்டாள். "நான் இவ்வளவு பேசவிடமாட்டேன்" என்றாள் கலோஜெரா.

கடைசியில் கதவு திறந்ததற்குக் காரணம் பக்தி அல்ல. மார்ச்சில் பனிச்சறுக்கு முடிந்துவிடும், படகு இன்னும் ஓடாது. அந்த நேரத்தில் அங்கே கடற்புறாக்களைத் தவிர ஒரு உயிர் வருவதில்லை. அக்கம்பக்கத்து மக்களின் பாரம்பரிய நிகழ்ச்சி ஒன்றாவது நடந்தால்தான் மானியம் கிடைக்கும் என்று மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. கிம்பலே தொலைபேசியில் கூப்பிட்டார். கூடாரம் தருகிறோம், நெருப்பு கூடாது, எண்ணெய்ச் சட்டி கூடாது, மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கு என்றார். கலோஜெரா எல்லாவற்றுக்கும் சரி என்றாள். நிபந்தனை போடுகிறவர்கள் யாரும் வந்து பார்ப்பதில்லை என்பது அவள் தொழிலில் கற்றது.

பாக்கி இருந்தது சடங்கு. சூசையப்பர், மாதா, குழந்தை இயேசு என்று மூவர் வேடமிட்டு வருவார்கள். முதல் கதவைத் தட்டிச் சாப்பாடும் இடமும் கேட்பார்கள். இல்லை போ என்று விரட்ட வேண்டும். இரண்டாவது கதவிலும் விரட்ட வேண்டும். மூன்றாவது கதவு திறந்து விருந்து போடும். இரண்டு முறை விரட்டப்படாத சூசையப்பருக்குப் போடுகிற விருந்து செல்லாது. மூவரும் அதுவரை எதுவும் வாயில் வைக்கக் கூடாது.

முதல் கதவு குழுவின் பார்வையாளர் கூடம். இரண்டாவது பனிச்சறுக்குச் சீட்டு ஜன்னல். மூன்றாவது கூடாரம். கூடாரத்துக்குக் கதவு ஏது? சந்தினா வீட்டின் பின்கதவைக் கழற்றி, சட்டம் அடித்து, ஏரிக்காற்றுக்கு விழாமல் இருபுறமும் மணல் மூட்டை அடுக்கி நிறுத்தினாள். கிம்பலிடம் இரண்டு முறை விளக்கினாள்.

"அவங்க தட்டுவாங்க. நீங்க இடமில்லை, போங்கன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? பிரமாதம்! நடிக்கிறது எனக்குப் புதுசா என்ன? ஷெரீப்பா நடிச்சிருக்கேன்."

சூசையப்பராக வந்தவர் டெஸ்மண்ட் பூன். மண்ணைத் தோண்டுவதற்கு முன் அதே இடத்தில் கார் நிறுத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர். புனிதர்களை வணங்காத பாப்டிஸ்ட் சபைக்காரர். அவர் கொடுத்த சீட்டை ஒட்டியிருந்தும் அபராதம் விழுந்த வண்டிகளுக்காக ஜன்னலுக்கு வந்து வந்துதான் அவருக்கும் கலோஜெராவுக்கும் பழக்கம். மாதாவாக வந்தவள் சீட்டாட்டத் தோழி அசுந்தா. குழந்தை இயேசுவுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. குழந்தை வைத்திருப்பவர்கள் எல்லாரும் புறநகருக்குப் போய்விட்டார்கள். அண்ணன் மகன் ஜெர்லாந்தோ வந்தான். வயது நாற்பத்தைந்து, முன்தலை வழுக்கை, வேடத்துக்குக் கழுத்தில் ஒரு வெள்ளைத் துண்டு.

"அத்தே, நான் குழந்தை மாதிரி இருக்கேனா?"

"நீ எப்பவும் அப்படித்தான். நட."

அன்று காற்று ஏரியிலிருந்து நேராக அடித்தது. ஓரங்களில் இன்னும் பனிக்கட்டி மிதந்தது. கலோஜெரா கூடார வாசலில் இரண்டு கம்பளிக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டெஸ்மண்ட் கோலால் கூடத்துக் கதவை மூன்று முறை தட்டினார். உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரர் ஒருவர் கேமராவைத் தோளில் தூக்கினார்.

கதவு அகலத் திறந்தது. கிம்பல் இரு கையையும் விரித்தார்.

"வாங்க, வாங்க! கால்வாய்முனைக்கு நல்வரவு! குளிருதா? உள்ள வாங்க, எல்லாரும் வாங்க!"

1825-ஆம் வருட வேடத்தில் துணித்தொப்பி கட்டிய இரண்டு பெண்கள் சூடான கோகோவை நீட்டினார்கள். சூசையப்பரின் தோளில் ஒரு ஒட்டுத்தாளை ஒட்டினார்கள். மூவரும் உள்ளே மறைந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது.

கலோஜெரா கம்பளியை விலக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மூணு வருஷம்" என்றாள் பிறகு. "மூணு வருஷம் விரட்டினான். இன்னிக்கு ஒரே ஒரு தடவை விரட்டுன்னு கெஞ்சிக் கேட்டா, அவனுக்கு வாய் வரல!"

சந்தினா கல்தெருவில் ஓடினாள். கூடத்துக்குள் ஜெர்லாந்தோ மார்ஷ்மெல்லோ மிட்டாய் மிதக்கும் கோகோவைக் குடித்துக்கொண்டிருந்தான்.

"மிஸ்டர் கிம்பல், தயவுசெஞ்சு இவங்களை வெளிய போகச் சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது? கேமரா இருக்கு. வந்தவங்ககிட்ட இல்லைன்னு சொல்லக் கூடாதுங்கறது குழுவோட முதல் விதி. எனக்கு அதுக்குப் பயிற்சியே கொடுத்திருக்காங்க."

"எங்கம்மாகிட்ட மட்டும் மூணு வருஷம் சொன்னீங்களே?"

"இல்லைன்னு ஒரு தடவைகூடச் சொல்லலையே" என்றார் கிம்பல், உண்மையான வருத்தத்தோடு. அதுவும் சரிதான்.

சக்கர நாற்காலி கற்களில் தடதடத்து வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் அந்தத் தொலைக்காட்சிக்காரர். ஆளும் கேமராவும் கேட்காமலே வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தார்கள்.

"எல்லாரும் வெளிய வாங்க. முதல்லேர்ந்து" என்றாள் கலோஜெரா. "டெஸ்மண்ட், குடிச்சீங்களா?"

"சூடா இருந்துச்சு. ஆறட்டும்னு கையில வச்சிருந்தேன்."

"அசுந்தா?"

"எனக்கு ஏதுடி கோகோ? சர்க்கரை இருக்கே."

"ஜெர்லாந்தோ, உதட்டுல என்ன?"

"ஒண்ணும் இல்ல அத்தே."

"சாக்லேட்."

"கையில கொடுத்துட்டாங்க. வேணாம்னா மரியாதையா இருக்காதேன்னுதான்..."

"பொறந்ததுலேர்ந்து உனக்கு வேணாம்னு சொல்ல வரல. துண்டைக் கழட்டு." அவள் மகள் பக்கம் திரும்பினாள். "நீ காலையிலேர்ந்து என்ன சாப்பிட்ட?"

"ஒண்ணும் இல்ல. உன் கதவுக்கு மூட்டை அடுக்கவே நேரம் சரியாப்போச்சு."

"துண்டைப் போட்டுக்க."

"அம்மா, எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை..."

"உன்னை யாரு கேட்டா? உனக்காகத்தான் இவ்வளவும். நில்லு அங்க."

சந்தினா துண்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். டெஸ்மண்ட் மறுபடி தட்டினார். கதவு திறந்தது. கிம்பல் முகத்தில் அதே சிரிப்பு. கேமரா தோளுக்கு ஏறியிருந்தது.

"வாங்க, வா..."

"மிஸ்டர் கிம்பல்" என்றாள் கலோஜெரா. ஜன்னல் குரல். "உங்களுக்குப் பின்னால சுவத்துல ஒரு பெரிய பலகை இருக்கு. இந்த இடத்தோட வரலாறு. 1825-னு ஒரு வரி இருக்கு. அதுக்கப்புறம் நீங்க திறந்த வருஷம், உங்க குழுவுல இருக்கறவங்க பேரு. நடுவுல ஒரு படகுப் படம். அந்தப் படத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சிட்டு, சிசிலிக்காரங்க இங்க குடியிருந்தாங்கன்னு ஒரு வரி எழுதுவீங்களா?"

கிம்பல் பலகையைத் திரும்பிப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். வாயைத் திறந்தார். யோசிக்கலாம் என்று சொல்ல வந்தது சந்தினாவுக்குத் தெரிந்தது.

"யோசிக்கறேன்னு சொல்லாதீங்க" என்றாள் கலோஜெரா. "எனக்கு அவ்வளவு நாள் இல்ல. எழுதுவீங்களா, மாட்டீங்களா?"

காற்று வீசியது. கிம்பலின் சிரிப்பு மெல்ல இறங்கியது. கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"முடியாதுங்க மிசஸ் அலெஸ்ஸி. குழு ஒத்துக்காது. நான் கேட்டுப் பாத்துட்டேன்."

"ரொம்ப நன்றி" என்றாள் கலோஜெரா. முகம் மலர்ந்திருந்தது. "நல்லா சொன்னீங்க. குரல்ல கோபமே இல்ல. அப்படித்தான் சொல்லணும்."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகையில் சந்தினா குனிந்து கேட்டாள். "நிஜமா அந்த வரி வேணுமா உனக்கு? இல்ல, அவர் வாயிலேர்ந்து முடியாது வரணுங்கறதுக்காகக் கேட்டியா?"

"சரின்னு சொல்லியிருந்தா வரி கிடைச்சிருக்கும். எனக்கு எதுல நட்டம்?"

இரண்டாவது கதவுக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. "கழிப்பறை கேளுங்க" என்று கலோஜெரா சொன்னாள். "எனக்கு நிஜமாவே வேணும்" என்றார் டெஸ்மண்ட். சீட்டு ஜன்னலைத் தட்டினார். தொப்பி கட்டிய பெண் நிமிராமலே பதில் சொன்னாள்.

"டிக்கெட் வாங்கினவங்களுக்கு மட்டும்தான்."

"நான் சூசையப்பர்மா."

"யாரா இருந்தாலும் டிக்கெட் வேணும் சார்."

"பாத்தீங்களா!" என்றாள் கலோஜெரா. "இந்தப் பொண்ணை இயக்குநரா போட்டிருக்கணும்."

ஜெர்லாந்தோ அவளைக் கூடாரத்துக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான். வெளியே சந்தினா கழுத்தில் துண்டோடு நின்றாள். தன் வீட்டுப் பின்கதவு. சிறுவயதில் பள்ளிவிட்டு வந்து உதைத்துத் திறந்த கதவு. டெஸ்மண்ட் தட்டினார்.

"யாரு?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சூசை, மரியா, இயேசு."

"என்ன வேணும்?"

"சாப்பாடு. கொஞ்சம் இடம்."

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மாவுக்கு முடியவில்லையோ என்று சந்தினா கைப்பிடியில் கை வைத்தாள். அசுந்தா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"உள்ள வாங்க" என்றாள் கலோஜெரா. "வீடு உங்களோடது."

உள்ளே மூன்று அடுக்கு மேசை. பேட்டரி விளக்குகள் ஒரு பெட்டிக்குள் பத்திரமாக மூடி வைக்கப்பட்டிருந்தன. உண்மையான மெழுகுவத்திகள் எரிந்தன. கூடாரத்தின் பின்பக்கம் ஜெர்லாந்தோ எண்ணெய்ச் சட்டியை வைத்தான். கோகோ குடித்த பாவத்துக்கு அன்று முழுக்க அவன்தான் பொரித்தான். கலோஜெரா முதலில் ஆளுக்கு ஒரு ஆரஞ்சுச் சுளை கொடுத்தாள். பிறகு மத்தி மீனும் வறுத்த ரொட்டித்தூளும் போட்ட பாஸ்தா, மொச்சைக் கூழ், பொரித்த காலிஃபிளவர், போன வசந்தத்தில் ரயில் பாதை ஓரம் அறுத்துவந்து உறைய வைத்திருந்த முள்ளித்தண்டு, அத்தி வைத்த பலகாரம் என்று ஒவ்வொன்றாக வந்தது. நாற்காலியில் இருந்தபடியே அவளே எடுத்து வைத்தாள். யாரையும் தொடவிடவில்லை. விருந்து வைக்கிறவள் கையால்தான் வைக்க வேண்டும்.

வாசனை கல்தெரு முழுக்கப் போனது. எங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். கழிப்பறைக்கு டிக்கெட் கேட்ட பெண்ணும் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தாள். கடைசியாகக் கதவு மெதுவாகத் தட்டப்பட்டது.

"யாரு?"

"கிம்பல்."

"என்ன வேணும்?"

"எண்ணெய் வாசனை வருது மேடம். நெருப்பும் தெரியுது. நான் இதை நிறுத்தணும்."

"அதைக் கேக்கல. சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"உக்காருங்க."

கிம்பல் டெஸ்மண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று தட்டுச் சாப்பிட்டார். பஃபலோ வந்தபிறகு முதல்முறையாகக் கோட்டின் பொத்தானைக் கழற்றினார். ஜூன் மாதம் அவருடைய குழு, 1825-இல் கால்வாய் வெட்டியவர்கள் இங்கே கூடி உண்ட விருந்து என்று ஒன்றை நுழைவுச்சீட்டோடு அறிவித்தது. அதில் பன்றி இறைச்சியும் இருந்தது. அந்த அறிவிப்பைக் கலோஜெராவே படித்தாள். எங்கம்மாவுக்கு நூறு வயது கூட்டிவிட்டார்கள் என்றாள். நவம்பருக்குப் பிறகும் பலகையில் அந்தப் படகு அதே இடத்தில் இருக்கிறது.

ஆனால் இவையெல்லாம் பிற்பாடு நடந்தவை. அன்று மேசையில் சந்தினாவின் வயிறு நிறைந்துவிட்டது. தட்டைக் கையால் மறைத்தாள்.

"போதும்மா."

"போதும்னு சொல்ல உனக்கு அதிகாரம் இல்ல. நீ இன்னிக்கு யாரு? எல்லாத்துலயும் ஒரு வாய் எடுத்தாத்தான் கணக்கு."

சந்தினா எடுத்தாள். கடைசி வாய் உள்ளே இறங்கும்வரை கலோஜெரா பார்த்துக்கொண்டே இருந்தாள். பனிப்புயலில் மூச்சு எண்ணியவள் அப்படித்தான் பார்த்திருப்பாள். பிறகு நாற்காலியில் சாய்ந்தாள்.

"ஆச்சு" என்றாள். "இனிமே உனக்குக் காய்ச்சல் வந்தா நீயாச்சு, டாக்டராச்சு. என்னைக் கூப்பிடாத."

சந்தினா அம்மாவையே பார்த்தாள். அவளிடமிருந்து எவ்வளவு பளு இறங்கியது என்று சோதித்துப் பார்க்க அவளிடம் கருவி இல்லை.

"என்னடி முழிக்கிற? உப்பு கம்மியா?"

"இல்லம்மா. சரியா இருக்கு."

கலோஜெரா அவள் தட்டைப் பார்த்தாள். காலியாக இருந்தது. முள்ளித்தண்டுப் பொரியலில் இன்னொரு துண்டை எடுத்து வைத்தாள். சந்தினா அதையும் சாப்பிட்டாள்.